குவாஸர் இன்ஜினில் கைவைக்கும் முன்

கால்களை முன்னால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் குவாஸர் பைக்குக்குக் கூரை, வைப்பர், ஹீட்டர் எல்லாம் உண்டு. மால்கம் நியூவெலும் கென் லீமனும் வடிவமைத்தது. 1970களின் பிற்பாதியில் பிரிட்டனின் பிரிஸ்டலில் கட்டத் தொடங்கி, மொத்தமே இருபது சொச்சம்தான் வெளிவந்தன. போல்ட்டைக் கலந்து போடுவது, அடையாளம் வைக்காமல் வயரைப் பிடுங்குவது எல்லாம் தவறு என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். அதை விடுங்கள்.

ஹெட்டைக் கழற்றியபின் கிராங்கைச் சுற்றுவது

எத்தனை பேர் சொன்னாலும் ஓயாத தவறு இது. உள்ளே இருப்பது ரிலையன்ட் காரின் 848 சிசி அலுமினிய இன்ஜின். அதன் லைனர்கள் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்கள்) பிளாக்கில் அடித்து இறக்கியவை அல்ல. சுற்றிலும் கூலன்ட் நிற்க, அடியில் மெல்லிய கேஸ்கட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. அவற்றை அசையாமல் பிடித்திருப்பது மேலே மூடியாக இருக்கும் ஹெட்தான். ஹெட் இல்லாதபோது, பிஸ்டன் தலையில் கரி சுரண்டுவதற்காகக் கிராங்கை (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டை) கால் சுற்று சுற்றினாலே போதும். ரிங் உரசலில் லைனர் மயிரிழை எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அடி கேஸ்கட் விட்டுப்போய், இடுக்கில் வண்டல் புகுந்திருக்கும்.

பிறகு நடப்பதும் எப்போதும் ஒன்றுதான். புது ஹெட் கேஸ்கட், டார்க் ரெஞ்ச், ஸ்டார்ட், சந்தோஷம். கொஞ்ச நாளில் ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம். ஹெட் கேஸ்கட்டைத் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கி, மறுபடி ஹெட்டைக் கழற்றி, மறுபடி கிராங்கைச் சுற்றுவார்கள்! பழுது இருப்பது அடியில். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடி அதற்குள் பேரிங்கும் போயிருக்கும்.

ஹெட்டை எடுத்த கையோடு, லைனர் அசையாமலிருக்க, ஹெட்டைப் பிடித்திருந்த ஸ்டட்களில் குழாய்த் துண்டும் பெரிய வாஷரும் கோத்து நட்டை இறுக்குங்கள். வாஷர் லைனர் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். உள்ளே நீண்டால் பிஸ்டன் இடிக்கும். எழும்பிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் தட்டி இறக்காதீர்கள். சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) இறக்கி, பிஸ்டன் ராடுகளைக் கழற்றி, வரிசையும் திசையும் குறித்துக்கொண்டு நான்கு லைனர்களையும் வெளியே எடுங்கள். அவை உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து, புது கேஸ்கட் போடுங்கள். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கைவிடச் சற்றே உயர்ந்து நிற்க வேண்டும். ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து மேனுவல் அளவுக்கு நான்கையும் சரிபாருங்கள். ஒன்று தாழ்ந்தாலும் அந்த சிலிண்டரில் ஹெட் கேஸ்கட் நிற்காது. சம்ப் மாட்டும் முன், வாட்டர் பம்ப் வாயை அடைத்து, பிளாக்கில் தண்ணீர் நிரப்பி, கீழே காகிதம் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

வெறும் தண்ணீர் ஊற்றுவது

அலுமினியம் அரிக்கும். ஆன்டிஃப்ரீஸ் கலந்தே ஊற்றுங்கள்.

ஃபிரேமை வெட்டி வேறு இன்ஜின் வைப்பது

வேண்டாம்.

பின் பிரேக்கை அலட்சியம் செய்வது

சாதாரண பைக்கில் அழுத்திப் பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். இதில் நீளமும் தாழ்வும் அதிகம், பின்சக்கரம் தரையைவிட்டு எளிதில் இளகாது. முன் காலிப்பருக்குச் செலவழிக்கும் கவனத்தைப் பின்னாலும் செலவழியுங்கள்.

கெட்டியான ஸ்பிரிங் போடுவது

பள்ளத்தில் ஃபுட்பெக்கில் காலூன்றி எழுந்துகொள்ள இதில் வழியில்லை; கால் முன்னால் நீண்டிருக்கிறது. ஸ்பிரிங் வாங்காததை முதுகெலும்பு வாங்கும். டேம்பர் (ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் பகுதி) எண்ணெய் செத்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.