உகாண்டாவுக்கு மிஷன் ட்ரிப் போற சபை டீமுக்கு சில விஷயங்க

மிஷன் ட்ரிப்னு சபையில சொன்ன உடனே எல்லாரும் டிக்கெட் எவ்வளவுன்னு தான் கேப்பாங்க, ஆனா அதுக்கு முன்னாடி முடிவாக வேண்டியது ஒண்ணு இருக்கு, அங்க உங்கள யாரு கூப்பிட்டாங்க, எதுக்கு கூப்பிட்டாங்க. உகாண்டால பத்துல எட்டு பேருக்கு மேல கிறிஸ்தவங்க தான். 1886-ல நமுகோங்கோல விசுவாசத்துக்காக உயிரோட எரிக்கப்பட்ட வாலிபர்களோட நாடு அது, இன்னைக்கும் ஜூன் 3-ம் தேதி அங்க அவ்வளவு ஜனம் கூடும், எத்தனையோ பேரு நாள் கணக்குல நடந்தே வருவாங்க. அவங்களுக்கு நாம போய் முதல் பாடத்துல இருந்து சொல்லிக் குடுக்கணும்னு நினைச்சா அது சரியே கிடையாது. பின்னாடி பிஷப் ஆன நம்ம வெள்ளாளன்விளை அசரியா ஐயா 1910-ல எடின்பர்க் மாநாட்டுல மிஷனரிங்க முன்னாடி நின்னு, எவ்வளவோ குடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களையும் குடுங்கன்னு கேட்டாரே, அந்த நண்பர்களா தான் நாம போகணும்.

அதனால ஆறு மாசம் முன்னாடியே அந்த ஊரு பாஸ்டரோட வீடியோ கால்ல பேசுங்க. உங்க பிளானை சொல்லாதீங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க, கேட்டதை எழுத்துல வாங்கிக்கோங்க. சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் வேணும்னா அது மட்டும் பண்ணுங்க. சுவருக்கு பெயிண்ட் அடிக்க இங்க இருந்து பத்து பேரு பறக்க வேண்டாம், அங்க அந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க, அந்த கூலி அவங்களுக்கு போகட்டும்.

மெடிக்கல் கேம்ப் போடணும்னு ஆசை வரும், இதுல தான் ரொம்ப கவனம் வேணும். நம்ம ஊர்ல டாக்டரா இருந்தாலும் அங்க வைத்தியம் பாக்க உகாண்டா மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிகமா பதிவு பண்ணணும், மருந்து கொண்டு போறதுக்கும் அவங்க நேஷனல் டிரக் அத்தாரிட்டி அனுமதி வேணும், ரெண்டுக்கும் நாள் ஆகும். உகாண்டாவுல ஜின்ஜாங்கிற ஊர்ல மருத்துவம் படிக்காத ஒரு வெளிநாட்டு மிஷனரி ஊட்டச்சத்து இல்லாத குழந்தைகளுக்கு சிகிச்சை பாத்த விவகாரம் 2019-ல கோர்ட் வரைக்கும் போச்சு, பிள்ளைங்கள இழந்த தாய்மார் தான் கேஸ் போட்டாங்க. நல்ல மனசு இருந்தா போதும்னு நினைக்குறவங்க அந்த அம்மாக்களை நினைச்சுப் பாக்கணும்.

இப்ப உடம்பு விஷயம். யெல்லோ ஃபீவர் ஊசி கட்டாயம், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, போட்டு 10 நாள் ஆன பிறகு தான் அந்த சர்டிபிகேட் செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். விசா அப்ளிகேஷன்லயே அதை அப்லோட் பண்ணணும். அந்த சர்டிபிகேட் இல்லாம திரும்பி வந்தா இந்தியாவுல 6 நாள் வரைக்கும் தனியா வச்சுடுவாங்க. டீம்ல 60 வயசு தாண்டின பெரியவங்க, முட்டை அலர்ஜி உள்ளவங்க, கர்ப்பிணிங்க இருந்தா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே டாக்டரை பாக்கணும், எல்லாருக்கும் இந்த ஊசி ஒத்துக்காது, ஆசையா பேரு குடுத்த தாத்தாவை கடைசி வாரத்துல நிறுத்துறது ரொம்ப கஷ்டமான காரியம்.

மலேரியாவுக்கு மாத்திரை உண்டு, எதுன்னு டாக்டர் சொல்வாரு, டாக்ஸிசைக்ளின்னா திரும்பி வந்து 4 வாரம் வரைக்கும் சாப்பிடணும், ஊருக்கு வந்த உடனே நிறுத்திடக் கூடாது. இன்னொண்ணு விக்டோரியா ஏரி. பாக்க அவ்வளவு அழகா இருக்கும், இறங்கி ஜெபம் பண்ணலாம், ஞானஸ்நானம் குடுக்கலாம்னு எல்லாம் தோணும். தண்ணியில கால் வைக்காதீங்க, பில்ஹார்சியான்னு ஒரு நோயை உண்டாக்குற புழு தோல் வழியா உடம்புக்குள்ள போயிடும். அப்படி யாராவது இறங்கியிருந்தா திரும்பி வந்து சில வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு மருந்து சாப்பிடணும்.

காசுன்னு பாத்தா ஒருத்தர் 3000 டாலர் வரைக்கும் நோட்டா கொண்டு போகலாம். புது நோட்டா கேட்டு வாங்குங்க, பழைய வருஷத்து நோட்டு, கிழிஞ்சது, பேனா கிறுக்கல் இருக்குறது அங்க வாங்க மாட்டாங்க. யாருக்காவது உதவி பண்ணணும்னு தோணினா கையில குடுக்காம அந்த சபை கமிட்டி வழியா குடுங்க, இல்லாட்டி நீங்க கிளம்பின பிறகு அவங்களுக்குள்ள மனஸ்தாபம் வரும்.

பயணம் பண்ண ஜூன்ல இருந்து ஆகஸ்ட், இல்லாட்டி டிசம்பர்ல இருந்து பிப்ரவரி நல்லது, மார்ச்-மே, செப்டம்பர்-நவம்பர் மழைக்காலம். மழையில செம்மண் ரோடு எப்படி ஆகும்னு நேர்ல பாத்திருக்கேன். எங்க வேன் பின் சக்கரம் பாதி புதைஞ்சு நின்னுடுச்சு, எங்க வாலிப பிள்ளைங்க நேரத்தை பாத்து பாத்து கூட்டம் போச்சே போச்சேன்னு தவிக்குறாங்க, பக்கத்து தோட்டத்துல இருந்த பெண்கள் செருப்பை கழட்டி ஓரமா வச்சுட்டு மண்வெட்டியோட வந்து சேறை வாரி எடுத்தாங்க, புல்லை அறுத்து சக்கரத்துக்கு அடியில திணிச்சாங்க. வேன் சேத்துல இருந்து வெளிய வந்த பிறகு அந்த பெண்கள்ல ஒரு வயசான அம்மா அந்த சேத்துலயே மண்டி போட்டு எங்களுக்கு வணக்கம் சொன்னாங்க, அது உகாண்டாவுல புகாண்டாங்கிற பகுதி ஜனங்களோட வழக்கம், எங்க அக்காமாருங்க கண்ணு கலங்கிட்டாங்க. நாங்க போய் சேர்ந்தப்ப சபை ஜனங்க கலையாம பாடிக்கிட்டே இருந்தாங்க. அதனால ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல வைக்காதீங்க, ராத்திரி ரோட்டுல போகவே போகாதீங்க, அங்க 'போடா போடா'ன்னு (boda boda) பேரு சொல்ற பைக் டாக்ஸியில டீம் ஆளுங்க ஏற வேண்டாம்.

பிள்ளைங்களோட போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி பெத்தவங்ககிட்ட கேளுங்க, அழுக்கு சட்டையோட நிக்குற பிள்ளைய எடுத்து காணிக்கை கேக்க ஸ்டேட்டஸ் போடுறது பாவம்னே சொல்வேன். உங்க பிள்ளைய அப்படி போட சம்மதிப்பீங்களா?

டீமுக்குள்ள சண்டை கண்டிப்பா வரும், தூக்கம் இல்ல, மட்டோக்கேன்னு அவிச்ச வாழைக்காய் தவிர வேற சாப்பாடு இல்ல, ஒருத்தருக்கு வயித்தால போகுது, இந்த நேரத்துல சின்ன வார்த்தையும் குத்தும். தினமும் ராத்திரி அரை மணி நேரம் உக்காந்து பேசுங்க, பேசின பிறகு ஜெபம் பண்ணுங்க. யாருக்காவது ரொம்ப முடியலன்னா கூட யாரு தங்குவாங்க, திருப்பி அனுப்புறதை யாரு முடிவு பண்ணுவாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, இன்சூரன்ஸும் அவசரமா விமானத்துல கொண்டு வர்ற செலவை தாங்குறதா பாத்து எடுங்க.

திரும்பி வந்ததும் செலவு கணக்கை சபையில வாசிங்க, அந்த பாஸ்டருக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. சில மாசத்துக்குள்ள யாருக்கு காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா உகாண்டா போயிட்டு வந்தேன்னு சொல்லணும், சொல்லலன்னா அவரு டெங்குவுக்கு மட்டும் பாத்துட்டு விட்டுட வாய்ப்பு இருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருந்தாலும் அன்னைக்கே மலேரியா ரத்த டெஸ்ட் எடுங்க, ஆப்பிரிக்காவுல அதிகமா இருக்குற ஃபால்சிபாரம் வகை ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆளை ஐசியூவுக்கு கொண்டு போயிடும்.