நூறு வருடத்துக்கு முந்தைய சென்சஸில் நம் ஊர்ப் பெண்கள் என்ன வேலை பார்த்தார்கள்? தொழில் அட்டவணையை வாசிக்கும் முறை

“ஆச்சி, உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “வேலையா? எங்கம்மை எங்கல வேலைக்குப் போனா, வீட்டுலதான் இருந்தா” என்றார். அரை மணி நேரம் கழித்துப் பேச்சு வேறு பக்கம் திரும்பியபோது, தன் அம்மா நாலு பெரிய வீடுகளுக்கு நெல் அவித்து, காயவைத்து, குத்திக் கொடுத்ததையும், கூலியாக அரிசியையும் தவிட்டையும் முந்தானையில் முடிந்து வந்ததையும் சாவகாசமாகச் சொன்னார்.

வெள்ளைக்காரர் காலத்து ஜனக்கணக்கில் இந்த இரண்டு பதில்களில் எது ஏறியிருக்கும்? அதைத் தேடப் போய்த்தான் சென்னை மாகாணத்தின் பழைய சென்சஸ் தொகுதிகளில் விழுந்தேன். முதல்முறை திறப்பவருக்குத் தலை சுற்றும். எண்களாகவே பக்கம் பக்கமாக ஓடும். நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

படி 1: எந்த ஆண்டு என்று முடிவு செய்யுங்கள்

மாகாணத்தில் 1871 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். 1871 அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற டாக்டர். 1881இல் கணக்கெடுத்தபோது 1876–78 பஞ்சம் மாகாணத்தையே புரட்டிப் போட்டிருந்தது. மக்கள்தொகை 1871ஐவிடக் குறைந்திருந்தது. அதனால் 1881ஐ வைத்து ‘வழக்கமாக யார் என்ன வேலை செய்தார்கள்’ என்று முடிவு கட்ட வேண்டாம். 1941இல் போர் காரணமாகக் கணக்கைச் சுருக்கிவிட்டார்கள், தொழில் விவரம் தேறாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 1911. காரணம் எளிது. 1891இல் ஒரு தொழிலை நம்பிப் பிழைக்கும் எல்லோரையும், உழைப்பவர், உட்கார்ந்து சாப்பிடுபவர் என்று பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். 1901இல் பிரித்தார்கள், ஆனால் தொழில்களை 520 வகைகளாக நறுக்கிவிட்டார்கள். 1911இல் பிரிவும் உண்டு, வகைகளும் 169தான். கண்ணுக்கு அடங்கும்.

படி 2: தொகுதியை எடுங்கள், பெயரைத் தேடாதீர்கள்

1911 இந்திய சென்சஸில் சென்னை மாகாணம் 12ஆம் தொகுதி. முதல் பகுதி மலோனி எழுதிய அறிக்கை, இரண்டாம் பகுதி அட்டவணைகள். இன்டர்நெட் ஆர்கைவில் ஸ்கேன் பிரதி கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம்.

நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். தாத்தா பெயர் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது. ஆட்களின் பெயர் எழுதிய மூலத்தாள்களைக் கூட்டிக் கழித்த பிறகு யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. ஊர்வாரியாகவும் தொழில் விவரத்தை எதிர்பார்க்க வேண்டாம். அட்டவணை பெரும்பாலும் மாவட்டத்தோடு நின்றுவிடும். தொழிலுக்கான அட்டவணையின் எண் 15. அதில் உங்கள் மாவட்டத்தைத் தேடி ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள்.

படி 3: எண்ணைப் பார்க்கும் முன் கேள்வியைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

1911 படிவத்தில் 16 கட்டங்கள். ஒன்பதாவது கட்டம் முதன்மைத் தொழில், பத்தாவது துணைத்தொழில். பதினொன்றாவது கட்டம் உழைக்காதவர்களுக்கு: அவர்கள் யாருடைய எந்தத் தொழிலை நம்பி வாழ்கிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். கிராமங்களில் பெரும்பாலும் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம்தான் இதை நிரப்பினார். முதலில் கறுப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டு, குறித்த இரவில், 1911இல் அது மார்ச் 10, வந்தவர் போனவரைச் சரிபார்த்துச் சிவப்பு மையில் திருத்தினார்கள்.

பெண்களை எந்தக் கட்டத்தில் போடுவது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்புகளில் இதற்கென்றே விதி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டு சமைப்பவள் உழைப்பவள் அல்ல, சார்ந்திருப்பவள். ஆனால் விறகோ சாணமோ பொறுக்கி விற்றுக் குடும்ப வருமானத்தைக் கூட்டினால் உழைப்பவள். குயவர் பானை வனைய, மனைவி தொடர்ந்து மண் எடுத்துக் கொடுத்தால் அவளும் உழைப்பவள். எப்போதாவது கைகொடுத்தால் அல்ல. விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் ‘தொடர்ந்து’, ‘எப்போதாவது’ இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது யார்? திண்ணையில் உட்கார்ந்த கர்ணமும், அவருக்குப் பதில் சொன்ன வீட்டு ஆம்பளையும். மண் மிதித்தவளிடம் யாரும் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. கேட்டிருந்தாலும் என் ஆச்சி சொன்ன பதிலைத்தான் அவளும் சொல்லியிருப்பாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

படி 4: ஒரு வரியை வாசித்துப் பழகுங்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வரி. அதில் மொத்தம், பிறகு உழைப்போரில் ஆண், பெண். அவர்களில் பயிர்த்தொழிலும் கொஞ்சம் பார்ப்பவர் எத்தனை பேர் என்பதற்குத் தனிக் கட்டம். கடைசியில் சார்ந்திருப்போர்.

கணக்குக்காக மட்டும் நானாக ஒரு வரி எழுதுகிறேன்: குயவர், உழைப்போர் ஆண் 500, பெண் 200, சார்ந்திருப்போர் 900. நோட்டில் முதலில் எழுத வேண்டியது, நூறு ஆணுக்கு எத்தனை பெண். 200ஐ 500ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 40. பக்கத்து மாவட்டத்தில் இதே கணக்கு 5 என்று வந்தால், அங்கே பெண்கள் மண் சுமக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே எழுதியவர்களின் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கலாம்.

இப்போது கடைசிக் கட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள். சார்ந்திருப்போரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற பிரிவே இல்லை. கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் கிழவர், விடியுமுன் எழுந்து வேலை பார்க்கும் மனைவி, எல்லோரும் ஒரே எண்ணுக்குள். இந்தக் கட்டம் ஒரு தொழிலில் வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருந்து, பெண் உழைப்போர் கட்டம் மிகச் சிறியதாக இருந்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படி 5: பெண்கள் தட்டுப்படும் வரிகள்

169 வரியையும் படிக்க வேண்டாம். நான் முதலில் புரட்டுவது நெல் குத்துவோர், உமி நீக்குவோர், மாவு அரைப்போர் வரியைத்தான். பெண்கள் ஆண்களை மிஞ்சி நிற்கும் வரி அது. என் பூட்டி, அதாவது ஆச்சியின் அம்மா, அட்டவணையில் உழைப்பவராக ஏறியிருந்தால் இதற்குள்தான் இருக்க வேண்டும். மோட்டார் வைத்த ரைஸ்மில்கள் பெருகப் பெருக இந்த வேலை கரைந்துகொண்டே போனது. அதனால் அடுத்தடுத்த சென்சஸ்களிலும் இந்த வரியைத் தொடர்ந்து பாருங்கள். உரலும் உலக்கையும் ஓய்ந்த கதை அதில் இருக்கிறது.

அடுத்து நெசவு. பருத்தி நூற்றல், பாவுக்குக் கஞ்சி போடுதல், நெய்தல் மூன்றையும் 1911இல் ஒரே வகையாக வைத்துவிட்டார்கள். தறிக்குழியில் ஒருவர் உட்கார்ந்தால் வீட்டில் இன்னொருவர் ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றினால்தான் நாடா ஓடும். தார் சுற்றியவள் உழைப்பவளா, சார்ந்தவளா? குயவர் வீட்டுக் கேள்விதான் மறுபடியும். பருத்தி அரைவை, மீன் விற்பனை, கூடை முடைதல், சலவை, பேறுகாலம் பார்ப்பவர்கள் வரிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பேறுகாலம் பார்த்தவர்களை அம்மை குத்துபவர், கம்பவுண்டர், நர்ஸ் என்று எல்லோரோடும் ஒரே வரியில் அடைத்திருக்கிறார்கள். நாவிதர் வீட்டு மருத்துவச்சிகளை அதற்குள்தான் தேட வேண்டும்.

வயல் வேலை பெரிய வரி. நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருந்ததால் விவசாயக் கூலிகளில் அவர்கள் எண்ணிக்கை கணிசமாக இருக்கும். ஆனால் இங்கே ஒரு ஓட்டை உண்டு. “என்ன வேலை?” என்றால் நம் ஊரில் “கூலி” என்பதுதான் பதில். வயலிலா, ரோட்டிலா, கட்டடத்திலா என்று கர்ணம் குடைந்து கேட்காவிட்டால், அந்த ஆள் ‘சரியாக விவரிக்கப்படாத தொழில்கள்’ என்ற கடைசிப் பிரிவு ஒன்றில் போய் விழுவார். ஆகவே விவசாயக் கூலி வரியையும் இந்தப் பிரிவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: இரண்டு சென்சஸ்களை ஒப்பிடும்போது

என் மானம் போன இடம் இதுதான். 1901ஐயும் 1911ஐயும் பக்கத்தில் வைத்து, ‘பத்தே வருடத்தில் வியாபாரிகள் தொகை தலைகீழாக மாறிவிட்டது’ என்று ஆர்வத்தோடு நாலு பக்கம் எழுதி ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். மாறியது வியாபாரிகள் அல்ல, வகைப்பாடு.

1891, 1901 வகைப்பாட்டில் ஒரு பொருளைச் செய்பவரும் விற்பவரும் பெரும்பாலும் ஒரே பிரிவில் இருந்தார்கள். 1911இல் பெர்ட்டிலான் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளரின் முறைக்கு மாறினார்கள். செய்வது கைத்தொழில், விற்பது வணிகம் என்று பிரித்தார்கள். தானே செய்து தானே விற்றால் கைத்தொழில் பக்கம். கணவர் முடைந்த கூடையைச் சந்தையில் விற்றவள் எந்தப் பக்கம் போனாள் என்று யோசித்துப் பாருங்கள், விடிய விடிய யோசிக்கலாம்.

1931இல் இன்னொரு மாற்றம். சம்பாதிப்பவர், உழைக்கும் சார்ந்தோர், உழைக்காத சார்ந்தோர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுத்த பெண்கள் நடுவில் உள்ள பிரிவுக்குப் போனார்கள். அதோடு சென்னை மாகாணத்தில் சொந்த வீட்டைப் பராமரிப்பதையும் வேலையாகக் கணக்கில் சேர்த்ததால், வீட்டு வேலை வரியில் பெண்கள் எண்ணிக்கை திடீரென்று ஊதிப்போயிருக்கும். மாகாணம் முழுக்கப் பெண்கள் அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இருபது வருடம் முன்பு வேலையே இல்லை என்று ஒதுக்கிய அதே அடுப்படி, இப்போது வேலையாகிவிட்டது. அவ்வளவுதான்.

எல்லைகளையும் கவனியுங்கள். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1901 திருநெல்வேலியும் 1911 திருநெல்வேலியும் ஒரே நிலமல்ல.

படி 7: வேறொரு ஏட்டோடு உரசிப் பாருங்கள்

ஒரே ஊருக்குள் இறங்கிப் பார்க்க, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை வைத்துச் செய்த கிராம ஆய்வு உதவும். 1918இல் வெளியானது. திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு போன்ற ஊர்கள் அதில் இருக்கின்றன.

இன்னொரு நல்ல உரைகல் இலங்கை. அங்கே 1901 கணக்கெடுப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். நம் பக்கத்திலிருந்து போய் மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களுக்குச் செக்ரோல் என்ற தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் தனியாகப் பேர் விழுந்தது; முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். தன் பெயரில் சம்பளக் கணக்கு இருந்தவளை ‘சும்மா இருக்கிறாள்’ என்று எழுதுவது கஷ்டம். அதே பெண், கப்பல் ஏறாமல் ஊரிலேயே நாற்று நட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் இருந்திருப்பாள் என்று கேட்டுப் பாருங்கள். அட்டவணை வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

படி 8: வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். “என்ன வேலை பார்த்தாங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள், கர்ணத்துக்குக் கிடைத்த பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும். “விடியக்காலம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க? யார் வீட்டுக்குப் போவாங்க? சந்தைக்கு எதைக் கொண்டுபோவாங்க? திரும்பி வரும்போது மடியில் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள்.

ஆச்சியிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது, “குறுணைதான். அதைத்தான் ராவைக்குக் கஞ்சி வைப்பா” என்றார்.