ஒரு தலைக்கவசத்தை இலக்கியத்தோடு சேர்த்து வாசிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

இன்றைய புடாபெஸ்ட் நகருக்குள் அக்குவின்கும் என்ற பழைய ரோமானிய நகரம் இருக்கிறது. அங்கே கிடைத்த கல்லறைக் கல் ஒன்றில் லத்தீன் செய்யுளாக ஒரு வரி உண்டு. "பிராங்க் குடிமகன் நான், படைக்கலம் ஏந்தினால் ரோமானியச் சிப்பாய்." பிராங்குகள் ரைன் நதிப் பக்கத்து ஜெர்மானிய மக்கள். செத்துப்போன ஒருவர் தான் யார் என்பதை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் உண்மை.

அந்தக் கல் இல்லாமல் அவருடைய தலைக்கவசம் மட்டும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரோமானியக் கோட்டையில் கிடைத்தால் 'ரோமானியக் கவசம்' என்று அருங்காட்சியகத்தில் விளக்கச் சீட்டு எழுதியிருப்பார்கள். ரைன் கரையில் ஒரு புதைகுழியில் கிடைத்தால் 'பிராங்க் கவசம்' என்று எழுதியிருப்பார்கள். கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான போர்க்கவசங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தச் சீட்டை நம்பித்தான் முதலில் வழிதவறுகிறார்கள். கவசத்தையும் அதே காலத்து எழுத்தையும் எந்த வரிசையில் வாசித்தால் தெளிவு கிடைக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு நோட்டு, இணைய வசதி, பொறுமை. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ரோமானிய ஆசிரியர்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 1: ஒரே ஒரு பொருளை எடுங்கள், பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

நோட்டின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கண்ணில் படுவது', வலப்பக்கம் 'ஊகம்'. பயிற்சிக்கு நெதர்லாந்தின் டெர்னே தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். 1910இல் பீல் என்ற சதுப்பு நிலத்தில், எரிபொருளுக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் கண்டெடுத்தது. இப்போது லைடன் நகரின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இடப்பக்கம் என்ன எழுதலாம்? தங்கமுலாம் பூசிய வெள்ளித் தகடு. நடு உச்சியில் நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் ஒரு முகடு. கன்னத்தை மூடும் தகடுகள், கழுத்தைக் காக்கும் தகடு. உள்ளே இருந்திருக்க வேண்டிய இரும்புக் குல்லாய் இல்லை. நம்மிடம் இருப்பது அதன் மேலுறை மட்டுமே. தகட்டில் 'ஸ்டாப்லேசியா 6' என்று ஒரு பொறிப்பு. கூடவே தோல் காலணிகள், ஒரு குதிமுள் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் முள்), பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து நாணயங்கள். நாணயங்களில் பிந்தியது ஏறத்தாழ கி.பி. 319ஐச் சேர்ந்தது.

வலப்பக்கம்? பொறிப்பு ஸ்டாப்லேசியானி என்ற குதிரைப்படைப் பிரிவைக் குறிக்கிறது என்பது வலுவான ஊகம். குதிமுள்ளும் அதற்குத் துணை நிற்கிறது. 'ஓர் அதிகாரி வழிதவறிச் சேற்றில் மூழ்கினார்' என்ற கதையை நிறைய இடங்களில் படிப்பீர்கள். 'யாரோ காணிக்கையாகச் சதுப்பில் இட்டார்கள்' என்றும் படிப்பீர்கள். இரண்டையும் வலப்பக்கமே எழுதுங்கள். எவ்வளவு அழகான கதையாக இருந்தாலும் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் வரக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதிப் படிகள் சுலபம்.

படி 2: செய்தவர் யார், கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்

அணிந்தவரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பட்டறைக்குப் போங்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசு ஆயுதப் பட்டறைகளை அரசுத் தொழிற்சாலைகளாக நடத்தியது. கி.பி. 400ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'நொட்டிட்டியா டிக்னிடாட்டும்' என்ற அரசுப் பதவிப் பட்டியலில் அவை ஊர் வாரியாக வருகின்றன. தலைக்கவசத்துக்கு வெள்ளியும் தங்கமும் போர்த்தும் கைவினைஞர்கள் முப்பது நாளில் எத்தனை முடிக்க வேண்டும் என்று அந்தியோக்கியாவையும் கான்ஸ்டான்டிநோபிளையும் ஒப்பிட்டு 374இல் ஒரு சட்டமே வந்தது. 398இல் வந்த இன்னொரு சட்டம், புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்கு அடையாளக் குறி இடுவதுபோல ஆயுதப் பட்டறைத் தொழிலாளிகளுக்கும் கையில் குறி இடச் சொல்கிறது.

அப்படியானால், மின்னுகிற அந்தக் கவசம் அணிந்தவர் விரும்பித் தேர்ந்தெடுத்த அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அரசு கொடுத்தது, அவர் போட்டுக்கொண்டார். அவர் பிராங்காக இருக்கலாம், திரேசியராக இருக்கலாம், சிரியாக்காரராக இருக்கலாம். கவசம் அவருடைய சம்பளக்காரர் யார் என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது.

படி 3: வடிவத்தின் பூர்வீகத்தைத் தேடுங்கள்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். முந்தைய ரோமானியத் தலைக்கவசங்களின் கிண்ணப் பகுதி ஒரே உலோகத் துண்டை அடித்து உருவாக்கியது. 4ஆம் நூற்றாண்டு வகை அப்படியில்லை. இரண்டு அரைக்கிண்ணங்களை நடு முகட்டுப் பட்டையில் ரிவெட் அடித்து இணைக்கிறார்கள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் டூரா யூரோபோஸ் என்ற ஊர். ஏறத்தாழ 256இல் சாசானியப் பாரசீகப் படை அதை முற்றுகையிட்டது. கோட்டைச் சுவரின் 19ஆம் கோபுரத்துக்கு அடியில் பாரசீகர்கள் சுரங்கம் தோண்ட, ரோமானியர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். 1930களில் அகழ்ந்தபோது அந்த இருட்டுக்குள் சங்கிலிக் கவசத்தோடு ஒரு பாரசீக வீரனின் எலும்புக்கூடும், பக்கத்தில் அவனுடைய இரும்புத் தலைக்கவசமும் கிடைத்தன. இரண்டு பாதிகள், நடுவே முகட்டுப் பட்டை. அரை நூற்றாண்டுக்குப் பின் ரோமானியப் படை முழுக்கப் பரவப்போகும் அதே கட்டமைப்பு, எதிரியின் தலையில். அந்தக் கவசம் இன்று யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் நோட்டில் மூன்று கேள்வி தனித்தனியாக எழுதுங்கள்: வடிவம் எங்கிருந்து வந்தது, எங்கே செய்தார்கள், எங்கே கிடைத்தது. மூன்றுக்கும் விடை வேறு வேறாக இருப்பதுதான் வழக்கம். 5ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து வரும் பால்டன்ஹைம் வகைக் கவசங்களில் இது நன்றாகத் தெரியும். கூம்பு வடிவம், தங்கமுலாம் பூசிய செப்புப் பட்டைகள். ஜெர்மனியின் கிரேஃபெல்ட்-கெல்லெப்பில் 1962இல் தோண்டிய ஒரு பிராங்க் தலைவனின் புதைகுழியில் ஒன்று கிடைத்தது. பால்கனில் கிடைக்கிறது, இத்தாலியில் கிடைக்கிறது, லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில்கூடக் கிடைத்திருக்கிறது. இவற்றில் பலவும் கிழக்கு ரோமானியப் பட்டறைகளில் உருவானவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கெல்லெப் தலைவன் பிராங்க். அவன் கவசத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

படி 4: இப்போது எழுத்துக்கு வாருங்கள், எழுதியவரை முதலில் விசாரியுங்கள்

தொடக்கத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும்.

அம்மியானுஸ் மார்செல்லினுஸ் 4ஆம் நூற்றாண்டுக்காரர். படையில் இருந்தவர், போர்க்களம் பார்த்தவர். தன் வரலாற்று நூலின் முடிவில் தன்னை 'முன்னாள் போர்வீரன், கிரேக்கன்' என்று அறிமுகப்படுத்துகிறார். ஆனால் எழுதியது லத்தீனில். வெஜீஷியஸ் இன்னொருவர். படைப்பயிற்சி பற்றி நூல் எழுதினார். பழைய ரோமானியப் படையே சிறந்தது, இப்போதுள்ளது சீரழிந்துவிட்டது என்பது அவர் கட்சி. இந்த வேறுபாட்டை நோட்டில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அம்மியானுஸ் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு ஓர் இடம். 357இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ரோம் நகருக்குள் ஊர்வலமாக நுழைகிறார். கூடவே உடல் முழுக்க இரும்பு போர்த்திய குதிரை வீரர்கள், முகமூடி உட்பட. அவர்கள் மனிதர்களா, பிராக்சிடலிஸ் செதுக்கிய சிலைகளா என்று வியக்கிறார் அம்மியானுஸ். அந்தக் கவச முறை பாரசீகப் போர்முறையின் சாயல் கொண்டது. போட்டிருப்பது ரோமானியப் படை. பார்க்கிற கிரேக்கருக்கு நினைவு வருவது கிரேக்கச் சிற்பி. ஒரே வாக்கியத்தில் மூன்று பண்பாடு. இந்த மாதிரி வாக்கியம் கண்ணில் பட்டால் அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 5: பொருளையும் எழுத்தையும் பக்கத்தில் வையுங்கள்

சில நேரம் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். 359இல் அமிடா நகரத்தை, அதாவது இன்றைய துருக்கியின் தியார்பக்கிரை, பாரசீக மன்னர் இரண்டாம் ஷாப்பூர் முற்றுகையிட்டுப் பிடித்தார். அம்மியானுஸ் உள்ளேதான் இருந்தார். இரவோடு இரவாகத் தப்பி ஓடுகிறார். நா வறண்டு, ஓர் ஆழமான கிணற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். கயிறு இல்லை. உடுத்திய துணியைக் கிழித்து முடிந்து நீளமாக்குகிறார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் தலைக்கவசத்துக்கு அடியில் அணிந்திருந்த துணித் தொப்பியை அதன் முனையில் கட்டி இறக்குகிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மேலே வருகிறது.

தாகத்தின் கதைதான். ஆனால் கவசம் படிப்பவருக்கு அந்தத் தொப்பி பொன். துணி மண்ணில் மக்கிவிடும். அகழ்வில் கிடைப்பது இரும்பும் வெள்ளியும்தான். இந்தக் காலத்துக் கவசங்களின் விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். உள்ளுறை தைப்பதற்கு என்று விளக்குகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: துளைகள் தைத்த உள்ளுறையைக் காட்டுகின்றன, அம்மியானுஸ் சொல்வது கழற்றி எடுக்க முடிந்த தொப்பியை. இரண்டையும் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடக் கூடாது. இரண்டுமே இருந்திருக்கலாம்.

சில நேரம் மோதும். பேரரசர் கிரேஷியன் காலத்திலிருந்து காலாட்படை வீரர்கள் முதலில் மார்புக்கவசத்தையும் பிறகு தலைக்கவசத்தையும் விட்டுவிட்டார்கள், அதனால்தான் கோத்துகள் என்ற ஜெர்மானிய மக்களிடம் மடிந்தார்கள் என்கிறார் வெஜீஷியஸ். ஆனால் கிரேஷியன் இறந்தது 383இல். படி 2இல் பார்த்த பதவிப் பட்டியல் அதற்குப் பின்னும் பட்டறைகள் ஓடியதைக் காட்டுகிறது. ருமேனியாவின் கொன்செஷ்டியில் 1812இல் கிடைத்த வெள்ளி போர்த்திய முகட்டுக் கவசத்தை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். சரி, வெஜீஷியஸ் சொன்னது பொய் என்று முடித்துவிடலாமா? கூடாது. கொன்செஷ்டி ஒரு தலைவனின் புதைகுழி. வெஜீஷியஸ் பேசுவதோ சாதாரணக் காலாட்படை பற்றி. ஒரு பணக்காரக் கவசத்தை வைத்து ஏழைச் சிப்பாயைப் பற்றிய கூற்றை மறுக்க முடியாது. பட்டறைச் சான்றுதான் இங்கே உண்மையில் வலுவானது.

இன்னொரு வகையும் உண்டு: பொருள் கிடைக்காத இடத்தில் எழுத்து ஒரு செயலைக் காட்டும். 360இல் பாரிஸில் படைவீரர்கள் ஜூலியனைப் பேரரசராக அறிவித்தபோது அவரைக் கேடயத்தின்மேல் நிறுத்தித் தூக்கினார்கள். சூட்ட மகுடம் இல்லை. ஒரு கொடிவீரர் தன் கழுத்தில் கிடந்த வளையத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். கேடயத்தில் தூக்குவது ஜெர்மானிய வழக்கம் என்பார்கள். தூக்கப்பட்டவர் கிரேக்கத் தத்துவம் படித்த ரோமானிய இளவரசர்.

படி 6: கவிதைக்கு வந்தால் கூடுதல் கவனம்

இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் ஒரு கப்பல் புதைகுழி கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதிலிருந்த தலைக்கவசம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலில் 1940களில் ஒட்டியது. அது சரியில்லை என்று பிரித்து 1971இல் மறுபடி ஒட்டி முடித்தது. பழைய நூல்களில் வேறு உருவத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தில், கம்பி சுற்றிய முகடு கொண்ட தலைக்கவசம் வருகிறது. சட்டன் ஹூ முகட்டில் வெள்ளிக்கம்பி பதித்திருக்கிறது. அந்த முகடு ரோமானியக் கவசத்தின் வாரிசு. அதாவது டூராவில் பார்த்த கட்டமைப்பு ஆங்கிலேய மன்னன் ஒருவனின் தலை வரை வந்துவிட்டது. புருவத்தில் கார்னெட் என்ற செந்நிறக் கற்கள். 5, 6ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளில் உள்ள கார்னெட்டுகளில் நிறைய இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொன்று: ஒரு புருவத்துக் கற்களுக்கு அடியில்தான் ஒளியைத் திருப்பும் தங்கத்தாள் இருக்கிறது, மற்றதில் இல்லை. இது இடப்பக்கம். ஒற்றைக்கண் கடவுள் ஓடினைக் குறிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்ற கருத்து 2014இல் வந்தது. இது வலப்பக்கம்.

கவனிக்க வேண்டியது, கவிதையின் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சேர்ந்தது. கதை நடப்பதோ ஸ்காண்டிநேவியாவில். கவிதையை வைத்துக் கவசத்தை விளக்கி, அதே கவசத்தை வைத்துக் கவிதை பழையது என்று நிறுவுவது வட்டத்தில் சுற்றுவதாகும். ஒன்றின் காலத்தை நிறுவ மற்றதைத் தொடாமல் வேறு சான்று தேடுங்கள்.

படி 7: நீங்களே ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள்

பயிற்சிக்கு பென்டி கிரேஞ்ச் தலைக்கவசம். 1848இல் டெர்பிஷையரில் தாமஸ் பேட்மன் தோண்டியெடுத்தது, இப்போது ஷெஃபீல்டில் உள்ளது. இரும்புச் சட்டகம், இடையில் கொம்புத் தகடுகள். உச்சியில் ஒரு காட்டுப்பன்றி உருவம், கண்களில் கார்னெட். மூக்குத் தகட்டில் வெள்ளிச் சிலுவை. பேவுல்ஃபில் வீரர்களின் தலைக்கவசத்தில் பன்றி உருவங்கள் மின்னுகின்றன. படத்தைப் பார்த்தால் அந்த வரிகள் உடனே நினைவுக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் கோட்டைப் போட்டு இடப்பக்கத்தை நிரப்புங்கள்.

பிறகு ஐம்பது சொல்லுக்குள் ஒரு சீட்டு எழுதுங்கள். பொருள், காலம், வடிவத்தின் பூர்வீகம், கிடைத்த இடம், தொடர்புடைய எழுத்து எல்லாம் வரலாம். பன்றியும் சிலுவையும் ஒரே கவசத்தில் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அணிந்தவரின் இனத்தையோ மதத்தையோ ஒற்றைச் சொல்லில் எழுதாமல் அந்தச் சீட்டை முடிக்க முயலுங்கள். முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும். முடித்த பிறகு அருங்காட்சியகத்தின் சொந்த விளக்கத்தைத் திறந்து, அவர்கள் உறுதியாகச் சொல்வதில் எது உங்கள் நோட்டில் வலப்பக்கம் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.