யெரெவான் ரயில் நிலையத்தில் அரை நாள்

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. மனைவி திட்டிக்கொண்டே கூட வருவாள். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலும் அப்படியே நடந்தது. ஆனால் நாங்கள் போன வரிசை தவறு. நீங்கள் எரெபுனிக் கோட்டையில் தொடங்குங்கள்.

கி.மு. 782இல் உரார்ட்டு என்ற பண்டைய நாட்டின் அரசன் அர்கிஷ்தி கட்டிய கோட்டை அது. அதைச் சொல்லும் ஆப்பெழுத்துக் கல்வெட்டு 1950இல்தான் கிடைத்தது. மேலே நிழல் என்பதே கிடையாது. நண்பகலில் ஏறி நன்றாக வறுபட்டோம். காலையில் போனால், வானம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், அராரத் மலையும் தெரியும். அருங்காட்சியகம் அடிவாரத்தில் இருக்கிறது. திறந்திருக்கும் நாளா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு டாக்சியில் கொஞ்ச தூரம்தான். நகர மையத்திலிருந்து நேராக வருபவர்கள் குடியரசுச் சதுக்கத்தில் மெட்ரோ ஏறி, இரண்டாவது நிறுத்தமான சாசுன்சி டாவித்தில் இறங்க வேண்டும். அறிவிப்பு புரியாது, எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

வெளியே வந்ததும் உள்ளே ஓடாதீர்கள். சதுக்கத்தில் குதிரை மேல் வாளோடு பாய்கிறானே, அவன்தான் ஆர்மீனியக் காப்பிய நாயகன் டாவித். சிற்பி யெர்வந்த் கோச்சார் 1939இல் இதே உருவத்தைச் சுதையில் பதினெட்டே நாளில் செய்து நிறுத்தினார். 1941இல் அவரைக் கைது செய்தார்கள், சிலையையும் உடைத்துப் போட்டார்கள். இப்போது நிற்பது அவரே மறுபடி செய்து 1959இல் திறக்கப்பட்ட செம்புச் சிலை. குதிரையின் காலடியில் கவிழ்ந்த கிண்ணத்திலிருந்து நீர் வழிகிறது: மக்களின் பொறுமை நிரம்பி வழிகிறதாம். முன்பக்கம் மட்டும் படமெடுத்துத் திரும்பாமல் முழுதும் சுற்றி வாருங்கள்.

நிலையக் கட்டடம் 1956இல் எழுந்தது. உச்சிக் கூம்பை அண்ணாந்து பாருங்கள். சோவியத் காலச் சின்னத்தை இன்னும் இறக்கவில்லை. கூடம் அரண்மனை மாதிரி, ஆள்தான் இல்லை. துருக்கி எல்லை 1993இல் மூடப்பட்டதும் அந்நாட்டின் கார்ஸ் நகருக்குச் செல்லும் பாதை செத்துப்போனது. உள்நாட்டு நகரமான கியூம்ரிக்குப் போகும் வண்டிகளும் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குப் போகும் இரவு வண்டியும்தான் இன்று முக்கியம். திபிலிசிக்கு டிக்கெட் எடுக்க பாஸ்போர்ட் தேவை. நிலையத்திலேயே ரயில்வே அருங்காட்சியகமும் உண்டு. நான் அதிக நேரம் நின்றது என்னவோ பிளாட்பாரத்தில்தான்: ரஷ்ய அகலப்பாதை, 1520 மில்லிமீட்டர். நம்முடையது 1676. கண்ணால் பார்த்தே சொன்னேன், மனைவி கண்டுகொள்ளவில்லை.

தாகம் எடுத்தால் பாட்டில் வாங்க வேண்டாம். நகரெங்கும் புல்புலாக் என்ற குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. குனிந்து, வாய் படாமல் குடிக்க வேண்டும். அண்ணாந்தே குடித்துப் பழகிய எனக்கு முதல் முறை சட்டைதான் நனைந்தது.

திரும்பும்போது ஒரே நிறுத்தத்தில், சொராவர் அந்த்ரானிக்கில், இறங்கிவிடுங்கள். 2001இல் கட்டி முடித்த புனித கிரிகோரி பேராலயம் அங்கே இருக்கிறது. பெரியது, புதியது, ஒரு சுற்று போதும். நடந்துபோகும் தூரத்தில் கும் சந்தை. திராட்சைப் பாகில் தோய்த்து உலர்த்திய வால்நட் சரத்தை சுஜுக் என்று கேளுங்கள். அதே பெயரில் இறைச்சியும் விற்கிறார்கள், சைவர்கள் கையால் காட்டி வாங்குவது நல்லது. கடைக்காரர்கள் வாங்காதவர்களுக்கும் ருசி பார்க்கத் தருவார்கள். மனைவி அன்று முதல் முறையாக, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்றாள்.