ஜன்னலிலிருந்து விழுந்த பூனை: மருத்துவரிடம் சேரும்வரை என்ன செய்வது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் முதல் அனுமதி உண்டு. ஜன்னலுக்கு வலை அடிக்காத வீடுகளோ இன்னும் இருக்கின்றன. மேல்மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்துவிட்டால் “ஒன்றும் ஆகவில்லை” என்று நம்பிவிடாதீர்கள். நுரையீரல் காயமும் சிறுநீர்ப்பைக் கிழிசலும் வெளியே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பூனை சுருண்டு படுக்கும். விழுந்த பூனை எப்படித் தெரிந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

படி 1: தொலைபேசி

வீட்டில் ஒருவர் விலங்கு மருந்தகத்தை அழைக்கட்டும். பெரும்பாலான மருந்தகங்கள் இரவில் மூடியிருக்கும். 24 மணி நேர மருந்தகம் ஒன்றின் எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

படி 2: பிடிப்பது

மடியில் தூங்கும் பூனையும் வலியில் கடிக்கும். பெரிய துண்டைப் பின்பக்கமிருந்து போர்த்தி, உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்னங்கால்கள் அசையவில்லை என்றால் முதுகெலும்பில் அடி இருக்கலாம். கெட்டியான அட்டையின் மேல் மெல்ல இழுத்துப் படுக்கவையுங்கள்.

கடி பட்டால் சோப்பு போட்டு, ஓடும் நீரில் பத்து நிமிடமாவது கழுவுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பூனையின் மெல்லிய பல் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

படி 3: மூச்சும் ஈறும்

ஓய்வில் இருக்கும் பூனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 முறை மூச்சுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மீதிச் சோதனை எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். இல்லையென்றால் உதட்டை லேசாக விலக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உள்ளே இரத்தம் கசியலாம் அல்லது அதிர்ச்சி நிலையாக இருக்கலாம். நீலம் பாரித்திருந்தால் உயிர்க்காற்று போதவில்லை. ஈறு கறுப்பான பூனைகளுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

படி 4: இரத்தம்

சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். உடலில் குத்தியிருப்பதைப் பிடுங்க வேண்டாம். உடைந்த காலுக்குக் குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம்.

படி 5: மருந்துப் பெட்டியை மூடுங்கள்

நம் வீடுகளில் இதுதான் மிகக் கடினமான படி. யாராவது ஒருவர் பனடோலை உடைத்து நீட்டுவார். அதிலுள்ள பாராசிட்டமாலைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போகும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். கோடரித் தைலம் தடவினால் பூனை அதை நக்கி விழுங்கும். அதிலுள்ள எண்ணெய்கள் அதற்கு நஞ்சு. டெட்டாலும் அப்படியே. மஞ்சள் தூளைக் காயத்தில் அப்பினால், அதைக் கழுவி எடுப்பதே மருத்துவருக்கு முதல் வேலையாகிவிடும். பால், தண்ணீர், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர நேரிட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

படி 6: கொண்டுபோவது

மேற்பக்கம் திறக்கும் கூண்டு சிறந்தது. இல்லாவிட்டால் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். துண்டால் மூடி இருட்டாக்கினால் பூனை அடங்கும். அடிபட்ட உடல் விரைவில் குளிர்ந்துவிடும், ஆகவே காரில் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரைக் கேட்டு அழையுங்கள்.

புளோக்கின் கீழே திரியும் பூனையா? இடது காது நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்டது. அதற்குத் தினமும் உணவு வைக்கும் ஒருவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார். விசாரியுங்கள், அதைப் பிடிக்க அவரால்தான் முடியும்.

மருந்தகத்தில் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: எப்போது, எந்த மாடியிலிருந்து விழுந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, விழுந்த பிறகு சிறுநீர் கழித்ததா.