நல்லர்பார் நெடுஞ்சாலையில் மாலைத் தங்கல்: கோலாலம்பூரிலிருந்து செல்வோருக்கு

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து நல்லர்பார் சமவெளி வழியே அடிலெய்டு வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் காரில் செல்ல எண்ணும் நம்மவர்கள், ஒவ்வொரு நாள் பயணத்தையும் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்வதாலும், பெர்த்தின் கடிகாரம் நம் கடிகாரத்தோடு ஒத்திருப்பதாலும், ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில், வழியிலுள்ள பலடோனியா ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலைத் தங்குமிடம்) ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கங்காருக்கள் சாலையோரம் மேய வருவதும் அந்த அந்தி வேளையில்தான். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டத் தடை உண்டு; கையெழுத்திடும் முன் அந்த விதியையும் காப்புறுதி விவரத்தையும் நிதானமாகப் படியுங்கள்.

ரோட்ஹவுஸில் பெட்ரோல், உணவு, மதுக்கூடம், சில அறைகள், கூடாரமிடும் இடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். அறைகள் குறைவு என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் நிரப்புங்கள். விலை நகரத்தைவிடக் கூடுதல்தான், ஆனாலும் தயங்க வேண்டாம். பலடோனியாவை விட்டால் அடுத்த பெட்ரோல் நிலையம் சுமார் 180 கிலோமீட்டருக்கு அப்பால் கைகுனாவில்தான், அவ்வழியில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை.

அடுத்ததாக, சமையலறை எப்போது மூடும் என்று கேளுங்கள். கைகுனாவிலிருந்து கிழக்கே மாநில எல்லை வரை உள்ளூர்க் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் கூடுதலாகக் காட்டும். கைக்கடிகாரத்தை மாற்றாதவர் இரவு உணவைத் தவறவிடக்கூடும். உணவுப் பட்டியலில் இறைச்சியே மிகுதி. வெள்ளிக்கிழமை சைவம் கடைப்பிடிப்போர் பெர்த்தின் இந்திய மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு, ஊறுகாய் வாங்கி வைத்துக்கொள்வது என் கருத்தில் மிகச் சிறந்த ஏற்பாடு. வீட்டிலிருந்து கொண்டுபோகும் மசாலாத்தூளை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். குடிநீரையும் பெர்த்திலேயே தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்; அந்தச் சமவெளியில் நல்ல தண்ணீர் அரிது.

வளாகத்தின் அகன்ற நிறுத்துமிடம், பல இழுவைப் பெட்டிகள் கோத்த ரோட் டிரெயின் லாரிகளுக்கு உரியது. ஓட்டுநர்கள் அங்கே உறங்குவார்கள். உங்கள் காரை அறையோரமாகவே நிறுத்துங்கள். கைப்பேசித் தொடர்பு ரோட்ஹவுஸைத் தாண்டியதும் அறுந்துபோகலாம் என்பதால், மறுநாள் எங்கே தங்குவீர்கள் என்பதை அன்றிரவே வீட்டாருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

விடியற்காலையிலும் கங்காருக்கள் நடமாடும். வெயில் நன்றாக ஏறிய பிறகே புறப்படுங்கள். மீதமுள்ள பழங்களை, தென் ஆஸ்திரேலியாவின் செடுனா ஊரில் பழம், காய்கறிகளைச் சோதிக்கும் சாவடிக்கு முன்பே உண்டு முடித்துவிடுங்கள். அங்கே அவற்றை ஒப்படைக்க நேரிடும்.