செகண்ட் ஹேண்ட் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் ஹைப்ரிட் வாங்குறீங்களா? பேட்டரிய மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க

நியூஜெர்சில இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்போ ஒரே கேள்விதான் கேக்குறாங்க, பழைய லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 450 ஹெச் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரில ஓடற மோட்டாரும் சேந்த ஹைப்ரிட் எஸ்யூவி) ஒண்ணு நல்ல வெலைக்கு வருது, ஆனா பேட்டரி போச்சுன்னா என்ன பண்றதுன்னு. நானும் இதே பயத்தோடதான் ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் அலைஞ்சு, வண்டி வச்சிருக்கற ஏழெட்டு பேருகிட்ட பேசி, ஒரு வண்டிய வேண்டாம்னு விட்டுட்டு அடுத்ததா ஒரு 2014 மாடல வாங்கி இப்போ ரெண்டு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். இதுல தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, எல்லாரும் பேட்டரியவே நெனச்சு பயந்துட்டு, காசு நெஜமா கரையுற எடத்தை பாக்காமலே வந்துடறாங்க. ஒரு சனிக்கிழமை காலைல கொஞ்சம் பொறுமையா பாத்தா பெரும்பாலும் நீங்களே கண்டுபிடிச்சுடலாம். இதுக்கு முன்னாடி பானட்டே தொறந்ததில்லனாலும் பரவால்ல, ஒவ்வொண்ணா போவோம்.

ஸ்டெப் 1: எந்த வருஷத்து வண்டின்னு முடிவு பண்ணிக்கோங்க

மொதல்ல வந்தது ஆர்எக்ஸ் 400 ஹெச், 2006 மாடல், 3.3 லிட்டர் வி6. லக்ஸுரி எஸ்யூவில ஹைப்ரிட்னு முதல்ல வந்தது இதுதான். அதுக்கப்புறம் 450 ஹெச், 3.5 லிட்டர் வி6, 2010லேர்ந்து 2015 வரைக்கும் ஒரு ஷேப், 2016லேர்ந்து 2022 வரைக்கும் இன்னொரு ஷேப். 2018ல மூணாவது வரிசை சீட்டோட 450 ஹெச்எல்னு ஒண்ணும் வந்துச்சு. 2023 மாடல்லேர்ந்து அந்த வி6 ஹைப்ரிட்டையே எடுத்துட்டாங்க.

என் அபிப்ராயம், 400 ஹெச்ச புதுசா கார் பத்தி கத்துக்கறவங்க தொட வேண்டாம், வயசு ஆயிடுச்சு. பட்ஜெட் கம்மின்னா 2013லேர்ந்து 2015, கொஞ்சம் கூட இருந்தா 2016க்கு மேல. முடிஞ்சா 2020 இல்ல அதுக்கு மேல பாருங்க, ஏன்னா ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி அதுக்கு முன்னாடி 8 வருஷம் இல்ல ஒரு லட்சம் மைல், 2020 மாடல்லேர்ந்து 10 வருஷம் இல்ல ஒன்றரை லட்சம் மைல், வண்டி கை மாறினாலும் வாரண்டியும் கூடவே வரும். மைலேஜ் ரெண்டு ஷேப்புக்குமே காலன் ஒண்ணுக்கு 30 மைல் பக்கம், அதே சைஸ் சாதா ஆர்எக்ஸ் 350 20லேர்ந்து 23 வரைக்கும்தான் குடுக்கும்.

ஸ்டெப் 2: வீட்டை விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி வின் நம்பர்

விக்கறவங்ககிட்ட 17 எழுத்து வின் நம்பர (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர்) கேளுங்க, தரமாட்டேன்னா அங்கயே விட்டுடுங்க. அந்த நம்பர அமெரிக்க அரசாங்கத்தோட என்ஹெச்டிஎஸ்ஏ சைட்ல போட்டா சரி பண்ணாம விட்ட ரீகால் (கோளாறு இருக்குன்னு கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிடறது) இருந்தா காட்டிடும், காசு கெடையாது. (400 ஹெச்ல 2006, 2007 வண்டிங்களுக்கு பேட்டரி கரண்ட்ட மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற இன்வெர்ட்டருக்காக 2011ல ரீகால் வந்துச்சு, அப்படியும் அந்த மாடல்தான் வேணும்னு நிக்கறவங்க அத செஞ்சாச்சான்னு கண்டிப்பா பாருங்க.) அப்புறம் வண்டியோட பழைய கதைய சொல்ற கார்ஃபேக்ஸ் ரிப்போர்ட். அதுல நான் ஆக்ஸிடெண்ட்ட விட முன்னாடி பாத்தது, வண்டி எந்த ஊர்ல எந்த தேதில இருந்துச்சுன்னுதான்.

காரணம் இருக்கு. 2021 செப்டம்பர்ல ஐடா புயல் மழைல நம்ம நியூஜெர்சில எத்தனை கார் முங்குச்சுன்னு இங்க இருந்தவங்களுக்குத் தெரியும். 2017ல ஹார்வி வந்தப்போ ஹூஸ்டன்லயும் இதே கதி. தண்ணில நின்ன வண்டிய கழுவி தொடைச்சு வேற ஸ்டேட்ல வித்துடற பழக்கம் இருக்கு. எந்தக் காருக்கும் அது கெட்டதுதான், ஆனா ஆர்எக்ஸ்ல ஹைப்ரிட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, தண்ணி கார்பெட் வரைக்கும் ஏறினாலே பேட்டரி பக்கம் போயிடும். டைட்டில்ல, அதாவது வண்டியோட ஓனர் பத்திரத்துல, சால்வேஜ் (பெரிய சேதமான வண்டி), ஃப்ளட் (வெள்ளத்துல முங்குனது)னு ஒரு வார்த்தை இருந்தாலும் எவ்வளவு கம்மியா குடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டெப் 3: ஓட்டினவங்ககிட்ட பேசுங்க

எனக்கு ரொம்ப உதவுனது இதுதான். எடிசன்ல ஒரு அண்ணா, 2010 மாடல், ரெண்டு லட்சத்து பத்தாயிரம் மைல் ஓட்டியிருக்காரு, கம்பெனில வந்த அதே பேட்டரி. தினமும் அறுபது மைல் ஆபீஸ் போய்ட்டு வர்ற வண்டி. அதே நேரத்துல எங்க கோயில்ல பழக்கமான ஒரு அக்கா வச்சிருந்த வண்டி வெறும் அறுபத்தஞ்சாயிரம் மைல்தான், அவங்க வீட்லேர்ந்தே வேலை பாக்கறதால வாரக்கணக்கா கராஜ்லயே நின்னு, அதுல பேட்டரி வார்னிங் வந்துடுச்சு. கேக்க தலைகீழா இருக்கும், ஆனா நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பேட்டரி சும்மா நின்னா தானா சார்ஜ் எறங்கும், ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்துல எறங்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது. அதனால மைல் கம்மின்னு மட்டும் சந்தோஷப்படாதீங்க.

விக்கறவங்ககிட்ட நான் கேட்டது இதுதான்: தினம் எவ்வளவு தூரம் ஓடும், வெளில நிக்குமா கராஜா, நாய் வளக்கறீங்களா, பிரேக்ல கை வச்சிருக்கீங்களா, கூலண்ட் (இன்ஜின் சூட்ட தணிக்கற தண்ணி) எப்பவாவது ஊத்தினீங்களா. நாய் எதுக்குன்னு ஸ்டெப் 5ல சொல்றேன்.

ஸ்டெப் 4: இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது போங்க

"நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு போன்லயே சொல்லிடுங்க. போனதும் மொதல்ல பானட் மேல கைய வைங்க. நான் வேண்டாம்னு விட்டேன்னு சொன்னேன்ல, அந்த வண்டி ஒரு டீலர்கிட்ட இருந்தது, காலைல ஒம்பது மணிக்கு போறேன், பானட் நல்லா கதகதன்னு இருக்கு. கேட்டா இப்பதான் கழுவிட்டு கொண்டாந்து நிறுத்தினோம்னாங்க. இருக்கலாம், ஆனா மனசுல ஒரு புள்ளி வச்சுக்கிட்டேன்.

ஜில்லுனு இருந்தா, பானட்ட தொறந்து ரெண்டு கூலண்ட் டப்பா இருக்கும் பாருங்க, ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு இன்வெர்ட்டருக்கு. ரெண்டுலயும் பிங்க் கலர் தண்ணி ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். சூடா இருக்கற மூடிய எந்த நாளும் தொறக்காதீங்க. டார்ச் அடிச்சு, பெல்ட் இருக்கற பக்கம் வாட்டர் பம்ப சுத்தி பாருங்க, காஞ்சு போன பிங்க் உப்பு மாதிரி படிஞ்சிருந்தா பம்ப் கசியுதுன்னு அர்த்தம். அது கூட பரவால்ல, பேரம் பேசிக்கலாம். 2010லேர்ந்து 2015 ஷேப்ல ஓனர்ங்க ரொம்ப வருத்தப்படற விஷயம் வேற ஒண்ணு, வி ஷேப் இன்ஜினோட ரெண்டு வரிசைக்கும் நடுவுல, அடில ஒரு பிளேட் இருக்கு, அந்த எடத்துல கூலண்ட் கசியும். கீழ தரைல ஒரு சொட்டு கூட விழாது, டப்பால மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுட்டே வரும், சூடானதும் இனிப்பா ஒரு வாசனை வரும். அத சரி பண்ண இன்ஜின கழட்டற அளவுக்கு வேலை, பல ஆயிரம் டாலர். அதனாலதான் கூலண்ட் ஊத்தினீங்களான்னு கேக்கச் சொன்னேன்.

ஸ்டெப் 5: பின் சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாருங்க

இதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும், ஆனா யாரும் பாக்கறதில்ல. பின் சீட்ல உக்காந்தா கெண்டைக்கால் படற எடத்துல, சீட்டுக்கு கீழ ப்ளாஸ்டிக் ஜன்னல் மாதிரி வெண்ட் இருக்கும். பேட்டரிய குளுமையா வைக்க ஃபேன் காத்த உள்ள இழுக்கறது அது வழியாதான். அதுல தூசு, நாய் முடி அடைச்சா பேட்டரிக்கு காத்து போகாது, சூடு ஏறும், ஆயுசு கொறையும்.

நான் வாங்குன வண்டில அந்த வெண்ட் மேல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு படலம். நகத்தால கீறினா பாய் மாதிரி ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு, முழுக்க நாய் முடி. முன்ன வச்சிருந்தவரு நாய் இருந்துச்சுன்னு மறைக்காம சொன்னாரு, அதனால அவர் மேல நம்பிக்கைதான் வந்துச்சு. ஆனா பேட்டரிய டெஸ்ட் பண்ணாம வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அங்க ஆரஞ்சு கலர் கேபிள் எதாவது கண்ணுல பட்டா கிட்ட கூட கை கொண்டு போகாதீங்க, பேட்டரியே 288 வோல்ட், இன்வெர்ட்டர் அத 650 வோல்ட் வரைக்கும் ஏத்தும்.

அப்படியே கார்பெட் ஓரத்த தூக்கி மோந்து பாருங்க. சீட் போல்ட்ல துரு, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தா அடில சேறு கோடு, இதெல்லாம் இருந்தா வண்டி தண்ணில நின்னிருக்கு.

ஸ்டெப் 6: போன்ல ஒரு ஆப், கைல ஒரு ஓபிடி அடாப்டர்

வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கறத போனுக்கு அனுப்பற ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் இருபது, முப்பது டாலருக்கு கெடைக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற சாக்கெட்ல சொருகணும். டாக்டர் ப்ரியஸ்னு ஒரு ஆப் இருக்கு, பேரு ப்ரியஸ்னாலும் லெக்ஸஸ் ஹைப்ரிட்டுக்கும் வேலை செய்யும்.

மொதல்ல கோளாற காட்டற கோட் எதாவது இருக்கான்னு பாருங்க. பி0ஏ80ன்னு வந்தா பேட்டரி மாத்தணும்னு வண்டியே சொல்லுது. கோட் ஒண்ணுமே இல்லைன்னாலும் உடனே நம்பிடாதீங்க, ரெடினெஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே செஞ்சுக்கற டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சுதான்னு காட்டும், அதையும் பாருங்க. வழக்கமா ஓடிட்டு இருக்கற வண்டில எல்லாம் முடிஞ்சதுன்னு காட்டும். பாதிக்கு மேல முடியலன்னு காட்டினா யாரோ சமீபத்துல கோட அழிச்சிருக்காங்க இல்ல 12 வோல்ட் பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. பானட் சூடா இருந்த அந்த டீலர் வண்டில இதேதான், அஞ்சு மானிட்டர்ல நாலு முடியல. ஏன்னு கேட்டேன், சரியான பதில் வரல, கெளம்பி வந்துட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல, கொழந்தைங்கள கூட்டிட்டு போற வண்டில இப்படி பண்றாங்களேன்னு.

அப்புறம் ஓட்டுங்க. தெருவ ஒரு சுத்து சுத்தி வர்றதெல்லாம் பத்தாது, கொறஞ்சது அரை மணி நேரம். நான் வாங்குன வண்டிய 287 ஹைவேல ஓட்டி, அப்புறம் வாட்சங் மலைப் பக்கம் ஏத்தத்துல விட்டேன். ஏத்தத்துல நல்லா மிதிக்கும்போது ஆப்ல பேட்டரி ப்ளாக் (செல்லுங்க சேந்த ஒவ்வொரு பகுதி) எல்லாம் சேந்து எறங்கணும், சேந்து ஏறணும். ஒண்ணு மட்டும் தனியா விழுந்தா அங்க கோளாறு. ஆப் இல்லைன்னாலும் டேஷ்போர்டு பேட்டரி படத்த பாருங்க, கட்டம் கொஞ்ச நேரத்துலயே மேல கீழன்னு குதிச்சுட்டே இருந்தா பேட்டரி தளர்ந்துடுச்சு. கூட வந்தவங்கள ஓட்டச் சொல்லிட்டு நீங்க ஆப்ப பாருங்க, ஓட்டிக்கிட்டே போன் பாக்காதீங்க.

ஸ்டெப் 7: பிரேக் சத்தம்

ஹைப்ரிட்ல மோட்டாரே வேகத்த கொறைக்கறதால பிரேக் பேட் ரொம்ப நாள் வரும். ஆனா பிரேக்குக்கு பிரஷர் குடுக்கற ஆக்சுவேட்டர் விலை அதிகமான பார்ட், அத பத்தி யாரும் பேசறதே இல்ல. டிரைவர் கதவ தொறக்கும்போது சில செகண்ட் "உய்ய்ங்"னு ஒரு மோட்டார் சத்தம் வரும், பயப்படாதீங்க, அது பிரஷர் ஏத்துது. ஆனா வண்டி நிக்கும்போது பிரேக்ல கால வைக்காமலே அந்த சத்தம் சில செகண்டுக்கு ஒரு தடவ திரும்பத் திரும்ப வந்தா பிரஷர் எங்கயோ எறங்குது. நான் சொன்ன எடிசன் அண்ணாவுக்கு அந்த ரெண்டு லட்சம் மைல்ல வந்த பெரிய செலவு இது ஒண்ணுதான்.

ஸ்டெப் 8: அடியில பாருங்க, அப்புறம் மெக்கானிக்

இங்க பனிக்காலத்துல ரோட்ல உப்பு போடறாங்க, சப்ஃப்ரேம் (இன்ஜினையும் சக்கரத்தையும் தாங்கற அடிச்சட்டம்), பிரேக் பைப்ல துரு எவ்வளவுன்னு பாருங்க. மேலோட்டமா செவப்பா இருந்தா சரி, தட்டினா பொறுக்கு பொறுக்கா உதிர்ந்தா வேண்டாம். புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கம் புது வெல்டிங் தெரியுதான்னும் பாருங்க, ஹைப்ரிட்ல அத திருடறவங்க ஜாஸ்தி, திருட்டு போனதும் மட்டமான ஒண்ண மாட்டி விக்கறாங்க.

இதெல்லாம் தேறுச்சுன்னா, ஹைப்ரிட் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட 150லேர்ந்து 300 டாலர் குடுத்து லிஃப்ட்ல ஏத்தி பாக்கச் சொல்லுங்க. விக்கறவங்க பரிந்துரைக்கற மெக்கானிக் வேண்டாம்.

நியூஜெர்சில டீலர்கிட்ட வாங்கினா ஒரு சட்டம் உங்க பக்கம் இருக்கு, ஏழு மாடல் வருஷத்துக்குள்ள, ஒரு லட்சம் மைலுக்குள்ள இருக்கற வண்டிக்கு டீலரே வாரண்டி குடுக்கணும். 24,000 மைலுக்குள்ளன்னா 90 நாள் இல்ல 3,000 மைல், 60,000 வரைக்கும் 60 நாள் இல்ல 2,000 மைல், அதுக்கு மேலன்னா 30 நாள் இல்ல 1,000 மைல். தனி ஆள்கிட்ட வாங்கினா இது கெடையாது.

ஸ்டெப் 9: வாங்குன மொத வாரம்

வண்டிய முழுசா ஆஃப் பண்ணிட்டு, பின் சீட் வெண்ட்ட வாக்குவம் பண்ணுங்க. 12 வோல்ட் பேட்டரிக்கு நாலஞ்சு வயசுக்கு மேல ஆச்சுன்னா மாத்திடுங்க, அது சாகும்போது டேஷ்போர்டுல ஊர்ப்பட்ட வார்னிங் வந்து பெரிய பேட்டரியே போச்சோன்னு பதற வைக்கும். கூலண்ட் டப்பா ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, மாசம் ஒரு தடவ அதோட ஒப்பிட்டு பாக்கலாம்.

எங்க அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தப்போ பின் சீட்ல கால்மாட்டுல கம்பளிய மடிச்சு வச்சிருந்தாங்க, குளிருக்கு. சரியா அந்த வெண்ட்ட அடைச்சு. அங்க காத்து போகணும்மான்னு சொன்னதும் எடுத்து மடில போட்டுக்கிட்டாங்க, அதுலேர்ந்து வண்டில ஏறும்போதெல்லாம் குனிஞ்சு அந்த ஜன்னல பாத்துட்டுதான் உக்காருவாங்க.